கல்லூரியில் இடம் கிடைத்தாச்சு, இனி என்னென்ன கேட்கலாம்? நெல்லைப் பக்கத்து மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு

பள்ளிக்கூடம் முடியும்வரை உங்களுக்காக யாராவது ஒருவர் ஓடியிருப்பார். சிறப்பாசிரியர், தலைமையாசிரியர், இல்லையென்றால் அம்மா. பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டுமென்றால் பள்ளியே விண்ணப்பம் அனுப்பி, தேர்வுத்துறையின் ஆணையை வாங்கிக் கையில் கொடுத்திருக்கும். கல்லூரியில் அப்படி யாரும் ஓட மாட்டார்கள். உங்களுக்கு என்ன தேவை என்று யாரும் விசாரிக்கவும் மாட்டார்கள். நீங்களே போய்க் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் போதாது, எழுதிக் கேட்க வேண்டும்.

இதற்கென்று ஒரே கவுன்ட்டரும் கிடையாது. மருத்துவச் சான்று பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், உதவித்தொகையும் உபகரணமும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில், வகுப்பு ஏற்பாடு கல்லூரி முதல்வரிடம், பருவத் தேர்வு அபிஷேகப்பட்டியில் உள்ள பல்கலைக்கழகத்தில். இந்த நாலு இடத்தையும் எந்த வரிசையில் பிடித்தால் அலைச்சல் குறையும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அட்டை

எங்கே போனாலும் முதல் கேள்வி இதுதான்: யுடிஐடி இருக்கா? தனித்துவ அடையாள அட்டை என்று அரசுக் கடிதங்களில் வரும். கையில் பழைய தேசிய அடையாள அட்டைப் புத்தகம் மட்டும் இருந்தால், கல்லூரி சேரும் ஆண்டிலேயே யுடிஐடிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஒன்றிய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம். கணினிப் பழக்கம் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் பதிந்து தருவார்கள். ஆதார், புகைப்படம், பழைய சான்று இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் பாளையங்கோட்டையில் படிக்கலாம், விடுதியிலும் தங்கியிருக்கலாம். ஆனால் அட்டையும் மாநில அரசின் சலுகைகளும் ஆதாரில் உள்ள முகவரியின் மாவட்டத்தில்தான். சங்கரன்கோவில், ஆலங்குளம், கடையநல்லூர்ப் பிள்ளைகளுக்கு 2019-க்குப் பிறகு தென்காசி மாவட்ட அலுவலகம். ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர்க்காரர்களுக்குத் தூத்துக்குடி. அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், மானூர் என்றால் கொக்கிரகுளம். இது தெரியாமல் வந்து திரும்பிப் போகிறவர்கள் நிறைய.

விண்ணப்பம் போனதும் மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் பெரும்பாலும் அது ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்தக் குறைபாட்டுக்கு எந்தக் கிழமை மருத்துவர் உட்காருகிறார் என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். கண்ணுக்கு ஒரு நாள், எலும்புக்கு ஒரு நாள் என்று பிரித்து வைத்திருப்பார்கள். பழைய சிகிச்சைச் சீட்டு, ஸ்கேன், செவித்திறன் சோதனை அறிக்கை என எது இருந்தாலும் கையோடு இருக்கட்டும். 2024-இல் திருத்திய விதிகளின்படி விண்ணப்பம் வந்த மூன்று மாதத்துக்குள் சான்று கொடுத்தாக வேண்டும். அட்டை மூன்று நிறத்தில் வரும். வெள்ளை என்றால் 40 விழுக்காட்டுக்குக் கீழ், மஞ்சள் என்றால் 40 முதல் 80-க்குள், நீலம் என்றால் 80-உம் அதற்கு மேலும். சான்று தற்காலிகமா நிரந்தரமா என்பதை வாங்கிய அன்றே பாருங்கள். தற்காலிகம் என்றால் முடியும் தேதி போட்டிருக்கும். அது மூன்றாம் ஆண்டின் கடைசிப் பருவத்தில் வந்து முடிந்தால் தலைவலி.

“நமக்கெல்லாம் இது பொருந்துமா” என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கண், காது, கை, கால் மட்டும் அதில் இல்லை. தலசீமியா, ஹீமோபிலியா, ஆட்டிசம், மனநோய், தசைச் சிதைவு, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், எழுத்துகளைப் படிப்பதிலும் கணக்கிலும் தடுமாறவைக்கும் கற்றல் குறைபாடு, எல்லாம் உண்டு. கற்றல் குறைபாட்டுக்கு 18 வயதில் மறுபரிசோதனை செய்து வாங்கும் சான்று ஆயுளுக்கும் செல்லும். சின்ன வயதில் வாங்கிய சான்றோடு கல்லூரிக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சேர்க்கை நேரத்தில்

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 விழுக்காடு இடம், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு. சட்டத்தின் 32-ஆவது பிரிவு இது. அரசுக் கலைக்கல்லூரிக் கலந்தாய்வில் சிறப்புப் பிரிவு முதலில் நடக்கும். பொறியியலிலும் அப்படியே. விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் அந்த ஆண்டு அவ்வளவுதான். உதவிபெறும் கல்லூரியில் சேரும்போது, உங்கள் பாடம் உதவிபெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கல்விக் கட்டண விலக்கு அரசு, அரசு உதவிபெறும் படிப்புகளுக்குத்தான். சுயநிதியில் அது தானாக வராது. ஒரே வளாகம், ஒரே சீருடை, கட்டணம் மட்டும் வேறு.

கடிதம்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். துறைத்தலைவருக்கு ஒரு நகல். கல்லூரியில் சம வாய்ப்புப் பிரிவு இருந்தால் அதற்கும் ஒன்று. அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்கிறது. பல இடங்களில் அது ஒரு பேராசிரியரின் பெயராக மட்டும் இருக்கும். பரவாயில்லை, அந்தப் பெயரைக் கண்டுபிடியுங்கள்.

கடிதத்தில் “உதவி செய்யுங்கள்” என்று பொதுவாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் “கண்டிப்பா செய்யலாம்” என்று பொதுவாகவே பதில் வரும். என்ன தடை, என்ன வேண்டும், இரண்டையும் பளிச்சென்று எழுதுங்கள். ஒரு மாதிரி:

“மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். நான் இளங்கலை வரலாறு முதலாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு 70 விழுக்காடு பார்வைக் குறைபாடு உள்ளது. யுடிஐடி அட்டையின் நகலை இணைத்துள்ளேன். கரும்பலகையில் எழுதுவதையும் அச்சுப் பக்கங்களையும் என்னால் படிக்க இயலாது. ஆகவே, வகுப்புக் குறிப்புகளை யூனிகோடு எழுத்துருவில் மின்கோப்பாகத் தரவும், பாடத்தை ஒலிப்பதிவு செய்ய அனுமதிக்கவும், உள்மதிப்பீட்டுத் தேர்வுகளிலும் பருவத் தேர்வுகளிலும் சொல்வதை எழுதுபவரும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் அளிக்கவும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16, 17 பிரிவுகளைச் சுட்டிக் கேட்டுக்கொள்கிறேன். இவை குறித்து நேரில் பேச ஒரு நேரம் ஒதுக்க வேண்டுகிறேன்.”

இவ்வளவு போதும். நோயின் வரலாறு, வீட்டுக் கஷ்டம் எதுவும் வேண்டாம். அந்தக் கடிதம் பல மேசைகளைக் கடக்கும். மனநலம் சார்ந்த குறைபாடு என்றால் பாட ஆசிரியர்கள் எல்லோருக்கும் நோயின் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. “மருத்துவ காரணத்தால் வாய்மொழித் தேர்வைத் தனி அறையில் வைக்க வேண்டும்” என்பதுபோலத் தேவையை மட்டும் சொன்னால் போதும், சான்று முதல்வரிடம் இருக்கட்டும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். அலுவலகத்தில் “வச்சுட்டுப் போங்க தம்பி, பாக்கோம்” என்பார்கள். “சரி அண்ணாச்சி, இந்தக் காப்பியில ஒரு சீல் மட்டும் போட்டுத் தாங்க” என்று நின்றுவிடுங்கள். தேதியோடு அந்த முத்திரை விழாமல் நகரக் கூடாது. முடியாது என்றால் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். கோபப்படத் தேவையில்லை. பெரும்பாலான இடங்களில் யாரும் வேண்டுமென்று தட்டிக் கழிப்பதில்லை. கோப்பு இல்லாததால் மறந்துபோகிறார்கள், அவ்வளவுதான்.

என்னென்ன கேட்கலாம் என்று தெரியாவிட்டால் ஒரு குறுக்கு வழி. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கு உங்கள் கல்லூரி கொடுத்த சுய ஆய்வு அறிக்கை கல்லூரி இணையதளத்தில் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம், லிஃப்ட், கழிப்பறை, திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள், தேர்வு எழுத ஆள் என்று என்னென்ன இருக்கிறது என்று அதில் கல்லூரியே எழுதிக் கொடுத்திருக்கும். அதற்கு மதிப்பெண் உண்டு. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, “அறிக்கையில் உள்ள மென்பொருள் எந்தக் கணினியில் இருக்கிறது சார்?” என்று பணிவாகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு இருக்கும் சக்தியே தனி.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு கணக்கு. பாளையங்கோட்டையில் நூறு ஆண்டு தாண்டிய கல்லூரிகள் உண்டு. உயரமான படி, மாடியில் வகுப்பு. லிஃப்ட் கட்டச் சொல்லி மனுக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வருவதற்குள் உங்கள் மூன்று ஆண்டு முடிந்துவிடும். உடனே நடக்கக்கூடியது உங்கள் வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றுவது. கால அட்டவணை போடும் ஆசிரியரைப் பருவம் தொடங்கும் முன்பே பார்த்தால் நடக்கும், பாதியில் கேட்டால் நடக்காது. விடுதியிலும் தரைத்தள அறையையும், கழிப்பறையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேரும் அன்றே பேசிவிடுங்கள்.

குறிப்புகள்

பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் பெரிய தொல்லை நம்மூர் எழுத்துரு. ஆசிரியர் அன்போடு தமிழில் தட்டச்சு செய்த குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். திறந்தால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்கு அது தமிழ்தான், உள்ளே பதிந்திருப்பது ஆங்கில எழுத்து. திரைவாசிப்பானோ பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லை ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்று வாசிக்கும். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடில் வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். பழைய கோப்பு கிடைத்தால் எழுத்துரு மாற்றி மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன, ஒரு நண்பரைப் பிடித்து மாற்றிக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். அதை கூகுள் லென்ஸ் போன்ற ஒன்றில் எழுத்தாக மாற்றிய பிறகுதான் கேட்க முடியும்.

கணினியில் என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் உள்ளேயே இருக்கிறது. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலய இணைய நூலகத்தில் அச்சைப் படிக்க இயலாதவர்கள் பதிந்து நூல்களை இறக்கிக்கொள்ளலாம். பாடநூலை உங்களுக்காக ஸ்கேன் செய்வது பதிப்புரிமை மீறலாகுமே என்று நூலகர் தயங்கினால், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் மாற்றுவதைப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து அனுமதிக்கிறது என்று சொல்லுங்கள்.

காது கேளாத மாணவர்கள் நிலை இன்னும் கடினம். பாளையங்கோட்டையில் 1890-களிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் வந்துவிட்டன. அங்கே சைகையில் படித்து வளர்ந்த பிள்ளை, சைகை தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பறையில் வந்து உட்காருகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பி.காம்., பிசிஏ வகுப்புகள் உண்டு. ஊரைவிட்டுப் போக முடிந்தவர்கள் அதை யோசிக்கலாம். இங்கேயே படிப்பதென்றால் முன்வரிசை இருக்கை, ஆசிரியர் முகம் பார்த்துப் பேசுவது, முன்கூட்டியே குறிப்பு, வாய்மொழித் தேர்வுக்குப் பதில் எழுத்துத் தேர்வு, இவற்றைக் கடிதத்தில் கேளுங்கள். போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழ்ப் பேச்சை எழுத்தாகக் காட்டும். பின்வரிசையில் வைத்தால் மின்விசிறிச் சத்தத்தில் உளறும், ஆசிரியர் மேசையில் வைத்தால் ஓரளவு தேறும்.

தேர்வு

பிளஸ் டூவில் வாங்கிய ஆணை கல்லூரிக்குச் செல்லாது. அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், ஆதாரமாக இணைக்கலாம். யாரிடம் விண்ணப்பிப்பது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரி என்றால், முதல்வர் வழியாக அபிஷேகப்பட்டியில் உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார், வேலை எளிது. தேர்வுக் கட்டணம் கட்டும் நாளிலேயே இந்த விண்ணப்பமும் போய்விட வேண்டும். ஹால்டிக்கெட் வந்த பிறகு ஓடினால் தேர்வு மையம் கையை விரிக்கும்.

ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். பார்வையற்றவர், இரு கைகளும் பாதிக்கப்பட்டவர், பெருமூளை வாதம் உள்ளவர் கேட்டாலே எழுதுபவர் தர வேண்டும். மற்றவர்கள், தன்னால் எழுத இயலாது என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் நிலையில் உள்ளவரிடம் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். அந்தப் படிவம் வழிகாட்டுதலின் பின்னிணைப்பில் இருக்கிறது. ஹைகிரவுண்டுக்கு இன்னொரு தடவை போகாமல் அட்டைக்குப் போகும்போதே இதையும் முடித்துக்கொள்வது நல்லது.

வெள்ளை அட்டைக்காரர்களும் சோர்ந்துபோக வேண்டாம். எழுதும்போது கை பிடித்து இழுக்கும் குறைபாடு உள்ள ஒரு தேர்வர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 40 விழுக்காடு இல்லையென்பதற்காக எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் 40-க்குக் கீழ் உள்ளவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வந்தது.

எழுதுபவரைக் கல்லூரி ஏற்பாடு செய்யலாம், நீங்களும் அழைத்து வரலாம். நீங்கள் அழைத்து வந்தால், 2018 வழிகாட்டுதலின்படி அவருடைய படிப்பு உங்களுடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும். கல்லூரி தருவதென்றால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்திக்கக் கேளுங்கள். என் யோசனை, முடிந்தவரை நீங்களே ஒருவரைப் பிடித்து, உள்மதிப்பீட்டுத் தேர்விலிருந்தே அவரோடு எழுதிப் பழகுங்கள். எங்கே பத்தி பிரிப்பது, எதற்கு அடிக்கோடு, எந்த ‘ல’, எந்த ‘ள’ என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் கூடுதல் ஒரு மணி நேரமும் அதிலேயே கரையும். பாடத்துக்குப் பாடம் வேறு ஆளை வைத்துக்கொள்ள வழிகாட்டுதலில் இடமிருக்கிறது, குறிப்பாக மொழிப் பாடங்களுக்கு. ஆங்கிலத் தாளுக்கு ஆங்கிலம் பிழையின்றி எழுதுகிறவரைத் தேடுங்கள். மாற்றாள் ஒருவர் பெயரையும் சேர்த்தே கொடுங்கள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டு வர முடியாமல் போகிறவர்கள் உண்டு.

பணமும் பயணமும்

உதவித்தொகைக்கு இரண்டு வழி. மாநில அரசின் கல்வி உதவித்தொகையும் பார்வையற்றோருக்கான வாசிப்பாளர் உதவித்தொகையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் வரும். கல்லூரி முதல்வரின் கையெழுத்தும் முந்தைய ஆண்டு மதிப்பெண்ணும் கேட்பார்கள். ஒன்றிய அரசின் தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளம். பதினொன்றாம் வகுப்பு முதல் முதுகலை வரை உள்ள திட்டத்துக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பித்தால் மட்டும் பணம் வராது. உங்கள் கல்லூரியில் அந்த இணையதளத்துக்குப் பொறுப்பான அலுவலர் உள்ளே போய்ச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்கு முன் அவரைப் பார்த்து “அனுப்பியாச்சா சார்?” என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கால்வாசிப் பணம் நிற்பது அங்கேதான்.

உபகரணங்களும் கொக்கிரகுளத்தில்தான். காதொலிக் கருவி, பேட்டரி சக்கர நாற்காலி, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் திறன்பேசி. படிக்கிறீர்கள் என்பதற்கான கல்லூரிச் சான்றை இணையுங்கள். தென்காசிப் பக்கம் உள்ளவர்களுக்கு ஆய்க்குடியில் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கமும் விசாரிக்க ஏற்ற இடம்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. அட்டையைக் காட்டினால் போதும். வெளியூரிலிருந்து தினமும் வருகிறவர்கள் பஸ் பாஸுக்கு நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரயில் சலுகைக்கு யுடிஐடி மட்டும் போதாது. ரயில்வேயின் படிவத்தில் அரசு மருத்துவரிடம் சான்று வாங்கி, மதுரைக் கோட்டத்தின் தனி அடையாள அட்டை எடுக்க வேண்டும்.

மறுத்தால்

வாயால் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். 2023-ஆம் ஆண்டு யுஜிசி ஒழுங்குமுறைப்படி புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் குழு தன் அறிக்கையை அனுப்ப வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். நல அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். முதலமைச்சரின் உதவி மையம் 1100-லும் பதியலாம். இவை எதிலும் நடக்காதபோது, உரிமைகள் சட்டத்தின்படி சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். வக்கீல் தேவையில்லை, தமிழில் எழுதினால் போதும். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, முத்திரை விழுந்த கடித நகல்களையும் யுடிஐடி நகலையும் இணைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தேர்வு நெருங்கியிருந்தால் தேர்வுத் தேதியை முதல் வரியிலேயே எழுதுங்கள்.